டீசல் பிக்கப்புக்குச் சிப்: எந்தக் கம்பியில் பொய் சொல்கிறது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டீசல் பிக்கப் வண்டிக்குச் சிப் மாட்டினால் இழுவையும் கூடும், மைலேஜும் கூடும் என்று வரும் விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் நிறைய. கேள்வி பெரும்பாலும் "எத்தனை குதிரைசக்தி ஏறும்?" என்பதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு. இந்தப் பெட்டி எந்தக் கம்பியில் போய் உட்கார்ந்து ஈசிஎம்மிடம் (எஞ்சினை இயக்கும் கணினி) என்ன பொய் சொல்கிறது? இதற்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். பதில் கிடைத்துவிட்டால் வண்டியில் எது முதலில் தேயும், எது சூடேறும் என்பதையும் சொல்லிவிடலாம்.

டீசல் எஞ்சினில் காற்று தாராளமாக உள்ளே போகும். எவ்வளவு டீசல் பீய்ச்சுகிறோமோ அவ்வளவு இழுவை. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. ஆனால் பீய்ச்சிய டீசல் காற்றோடு கலக்கக் கிடைப்பது சில மில்லி செகண்டுகள்தான். அதனால் காற்று 18 கிலோவை ஒட்டி இறங்கும்போதே சைலன்சரில் கரும்புகை தலைகாட்ட ஆரம்பித்துவிடும். வண்டி செய்த கம்பெனி இந்த எல்லைக்குக் கணிசமாக உள்ளேயே நின்றுகொள்கிறது. மட்டமான டீசல், அடைத்துப்போன ஏர் ஃபில்டர், கொளுத்தும் வெயில், காற்று மெலிந்த மலைப்பாதை, கூரை முட்ட ஏற்றிய லோடு எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வந்தாலும் எஞ்சின் தாங்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்த இடம் அது. சிப் விற்பவர் நமக்கு விற்பது அந்த ஒதுக்கிய இடத்தைத்தான். வாங்குவதில் தப்பில்லை, எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

சிப் என்ற ஒரே பெயரில் ஐந்து வகைச் சாமான்களாவது விற்பனையில் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் 16 முள் சாக்கெட்டில் செருகச் சொல்லும் தீப்பெட்டி அளவு டப்பாவை முதலில் ஒதுக்கிவிடலாம். அதைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு மூன்று சின்ன பல்புகளும் அவற்றை மின்ன வைக்கும் ஒரு சில்லும் இருக்கும். ஈசிஎம்மோடு பேச வேண்டிய 6-ஆம், 14-ஆம் முள்களிலிருந்து பல டப்பாக்களில் தடமே கிளம்பியிருக்காது. 16-ஆம் முள்ளில் பேட்டரி கரன்ட் எடுத்து விளக்கு எரியும், அவ்வளவுதான். "200 கிலோமீட்டர் ஓட்டினால் உங்கள் ஓட்டும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும்" என்று கவரில் எழுதியிருப்பார்கள். அந்த 200 கிலோமீட்டரில் கற்றுக்கொள்வது நம் மனசு மட்டுமே.

அடுத்தது, காற்று வெப்பச் சென்சாரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்க்கும் ஜோடனை. அந்தச் சென்சார் குளிரும்போது ரெசிஸ்டன்ஸ் கூடும், சூடானால் குறையும். தொடர்ச்சியாக ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் ஈசிஎம் 'வெளியே குளிர், காற்று அடர்த்தியாக இருக்கிறது' என்று நம்பிக் கொஞ்சம் கூடுதலாக டீசல் விடும். உண்மையில் உள்ளே போவது சூடான, மெலிந்த காற்று. எஞ்சினுக்கு மிச்ச இடம் மிகக் குறைவாக இருக்கும் நேரம் பார்த்துப் பொய் சொல்லும் ஏற்பாடு இது. நிஜமாகவே குளிர் வந்தால் கணக்கு எல்லை தாண்டி டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். காசு குறைவு என்பதைத் தவிர இதில் நல்லது எதுவும் இல்லை.

காமன் ரெயில் வண்டிகளில் அதிகம் விற்பது ரெயில் பிரஷர் பெட்டி. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்றமும் இதில்தான் அதிகம், ஒழுங்காகச் செய்த பெட்டி கிடைத்தால் பயனும் உண்டு. ரெயில் என்பது சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் காத்திருக்கும் கெட்டியான எஃகுக் குழாய். அதன் முனையில் இருக்கும் சென்சார், பிரஷரை வோல்ட்டாக மாற்றி ஈசிஎம்முக்குச் சொல்கிறது. 1,800 பார் (பிரஷரின் அலகு) வரை அளக்கும் ஒரு சென்சார், பிரஷரே இல்லாதபோது 0.5 வோல்ட், 1,800 பாரில் 4.5 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வோல்ட்டுக்கு 450 பார். ஈசிஎம் 1,350 பார் கேட்கும்போது சென்சார் 3.5 வோல்ட் காட்ட வேண்டும். பெட்டி இடையில் நின்று 0.2 வோல்ட் குறைத்து 3.3 என்று சொல்கிறது. 90 பார் குறைகிறதே என்று ஈசிஎம் பம்ப்பை விரட்டுகிறது. பெட்டி வழியாக 3.5 வந்து சேரும்போது ரெயிலில் உண்மையாக இருப்பது 1,440 பார்.

இதனால் எவ்வளவு டீசல் கூடும்? துவாரம் வழியாகப் பாயும் அளவு பிரஷரின் வர்க்கமூலத்தைத் தொட்டுத்தான் கூடும். 1,350 பார் 1,440 ஆனால் பிரஷர் 6.7 சதவீதம் ஏறுகிறது. டீசல் ஏறுவது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். கூடின பிரஷரில் இன்ஜெக்டர் ஊசி சீக்கிரம் எழும்புவதால் இன்னும் கொஞ்சம் சேரும். இப்போது "எந்த வேகத்திலும் 25 சதவீதம்" என்ற விளம்பரத்தை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். பிரஷரை மட்டும் வைத்து 25 சதவீதம் டீசல் கூட்ட வேண்டுமென்றால் பிரஷரை 56 சதவீதம் ஏற்ற வேண்டும். 1,350 பார் 2,100-ஐத் தாண்டிவிடும். 1,800 பாருக்குச் செய்த ரெயிலில் அதற்கு இடம் ஏது? முழு லோடில் எஞ்சின் ஏற்கெனவே உச்ச பிரஷரில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே பெட்டி இன்னும் ஏற்றப் பார்த்தால் ரெயிலின் காப்பு வால்வு திறந்துகொள்ளும், வண்டி திணறும், பிறகு லிம்ப் மோட், அதாவது எஞ்சினைக் காக்க ஈசிஎம் இழுவையைக் குறைத்துவிடும் நிலை. சில எஞ்சின்களில் அந்த வால்வு ஓரிரு தடவை திறந்தாலே மறுபடி சரியாக உட்காராது. சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும். ஆகவே இந்த வகைப் பெட்டியில் நேர்மையான ஆதாயம் நடு ரேஞ்சில்தான், சுமார் 1,500 முதல் 2,800 ஆர்பிஎம் வரை. பெட்டியை வாங்கும்போது உச்ச பிரஷரை நெருங்கும் இடத்தில் தானாகப் பின்வாங்குமா என்று கேளுங்கள். வெறும் திருகு வைத்த பெட்டி பின்வாங்காது. உள்ளே நிரல் எழுதி, ஆர்பிஎம்மும் லோடும் பார்த்து மாற்றும் பெட்டியே பின்வாங்கும்.

இன்னொரு விஷயம், பலருக்கும் பிடிபடாதது. இந்தப் பெட்டி மாட்டிய பிறகு ஸ்கேனரில் ரெயில் பிரஷரைப் பார்த்து "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று திருப்திப்படக் கூடாது. ஸ்கேனர் படிப்பது ஈசிஎம் நம்பும் எண்ணை. பொய் சொல்லப்பட்டவரிடமே போய்ச் சாட்சி கேட்பது போல. உண்மை வேண்டுமானால் சென்சாருக்கும் பெட்டிக்கும் நடுவே சிக்னல் கம்பியில் மல்ட்டிமீட்டர் வைத்து வோல்ட்டை அளந்து, மேலே சொன்ன கணக்கில் பாராக மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் சென்சாரின் அளவு 1,800-ஆ, 2,000-ஆ என்று பார்த்து அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள்.

டீசலை மட்டும் கூட்டி, காற்றைக் கவனிக்காத பெட்டி புகைத்தே தீரும். அதனால் இரண்டு கப்ளர் (கம்பி இணைப்பி) உள்ள பெட்டிகளில் இரண்டாவது கப்ளர் டர்போ பிரஷர் சென்சாருக்குப் போகிறது. அங்கே 'பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் பிரஷர்) குறைவு' என்று சொல்லி டர்போவைக் கூடுதலாக ஊத வைக்கிறது. இது சுத்தமான எரிப்புக்கு நல்லது, டர்போவுக்குச் சுமை. மலை உயரத்தில் காற்று மெலிவதால், அதே பூஸ்டைக் கொடுக்க டர்போ ஏற்கெனவே அதிக வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் மேல் இந்தப் பொய்யும் சேர்ந்தால் தண்டும் புஷ்ஷும் எல்லை தாண்டிவிடும். அடிக்கடி மலை ஏறுகிறவர்கள் பூஸ்டைக் கூட்டும் பெட்டியை மிகக் குறைந்த நிலையில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

நான்காவது வகை, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தையே நீட்டுவது. பிரஷரை ஏற்றாமல் அதிக டீசல் விடலாம் என்பதால் பம்ப்புக்கும் ரெயிலுக்கும் இது இதம். ஆனால் நேரம் நீண்டால் பீய்ச்சுதலின் கடைசிப் பகுதி, பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய பின்னும் எரிந்துகொண்டிருக்கும். அந்த வெப்பம் வேலையாக மாறாமல் எக்ஸாஸ்ட்டில் போகும். வெப்பமானி இல்லாமல் இந்த வகையைத் தொடவே கூடாது. கம்மின்ஸ் 5.9 லிட்டர் 24 வால்வு எஞ்சினில், 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த விபி44 என்ற டீசல் பீய்ச்சும் பம்ப் உள்ள வண்டிகளுக்கு, பம்ப்பின் கம்பியைக் குத்திப் பிடிக்கும் ஒரு கிளிப்போடு இந்த வகைப் பெட்டிகள் வந்தன. குத்திய இடத்தில் ஈரம் இறங்கிச் செம்பு பச்சை பூத்து, மழை நாளில் மட்டும் எஞ்சின் குலுங்கும். பம்ப் போய்விட்டது என்று நினைத்து பம்ப்பையே மாற்றியவர்கள் உண்டு. பிடிப்பை எடுத்துச் சுத்தம் செய்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, வெப்பச் சுருக்குக் குழாய் போட்டால் தீர்ந்தது. அந்தப் பம்ப் விஷயத்தில் சிப்பைவிட முக்கியம், டாங்கிலிருந்து டீசல் தள்ளும் சின்ன பம்ப். அந்த டீசல்தான் பெரிய பம்ப்புக்கு எண்ணெயும் குளிர்ச்சியும். ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது அங்கே பிரஷர் 10 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால் சிப்பைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

ஐந்தாவது, ஈசிஎம்மில் இருக்கும் நிரலையே மாற்றுவது. இங்கே பொய் கிடையாது. சட்டத்தையே திருத்தி எழுதுகிறோம். எந்த வேகத்தில் எவ்வளவு டீசல், எந்த நொடியில் பீய்ச்ச வேண்டும், பூஸ்ட் எவ்வளவு, புகை எல்லை எது, கியர் எப்போது மாற வேண்டும் என எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருந்த மாற்றலாம். எழுதுகிறவர் கைதேர்ந்தவர் என்றால் இதைவிட நல்லது வேறில்லை. அரைகுறை என்றால் இதைவிட ஆபத்தும் வேறில்லை, ஏனென்றால் எஞ்சினைக் காக்கும் வரம்புகளையும் அவர் அழித்துவிட முடியும். கையில் பிடிக்கும் புரோகிராமர் வாங்கினால் அது பெரும்பாலும் உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணோடு பூட்டிக்கொள்ளும். பழைய நிரலைத் திருப்பி ஏற்றிய பிறகே இன்னொரு வண்டிக்கு விடும். வண்டியை விற்கும் முன் இதை மறந்தால் புரோகிராமர் வெறும் டப்பாதான். முதல் வேலை, ஏற்கெனவே உள்ள நிரலை முழுதாகப் படித்து இரண்டு இடத்தில் சேமித்து வைப்பது. எழுதும் நேரத்தில் பேட்டரிக்குச் சீரான சார்ஜர் கொடுத்து, ஃபேன், விளக்கு, பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். பாதியில் வோல்ட் சரிந்தால் ஈசிஎம் ஊமையாகிவிடும். சர்வீஸ் சென்டரில் புதிய நிரல் ஏற்றினால் உங்கள் திருத்தம் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிப் என்ற பெயருக்கு உண்மையிலேயே பொருத்தமானது ஒன்று உண்டு: ஃபோர்டு வண்டிகளில் 1994 நடுவிலிருந்து 2003 வரை வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கானது. ஈசிஎம்மின் பின்பக்கம் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் அட்டையின் விளிம்பு தெரியும். சிப் அதில் செருகிக்கொள்ளும். அந்த விளிம்புத் தகடுகளின் மேல் கம்பெனியில் பூசிய பாதுகாப்புப் படலம் இருக்கும். சிப் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவற்றில் பெரும்பகுதிக்கு இந்தப் படலம்தான் காரணமாக இருந்திருக்கும். பேட்டரி இரண்டின் எர்த்தையும் கழற்றிவிட்டு, பிரேக் கிளீனர் தெளித்து, மெல்லிய உராய்வுத் துணியால் தகட்டின் இரண்டு பக்கமும் பளிச்சென்று ஆகும்வரை துடைக்க வேண்டும். இடைவெளிகளில் துகள் நிற்கக் கூடாது. ஒரு தகடு மங்கலாக இருந்தாலும் மேடு பள்ளத்தில் எஞ்சின் சட்டென்று அணைந்து மறுபடி பிடிக்கும்.

எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன் வண்டியைப் பார்த்துவிட வேண்டும். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றுங்கள். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாகப் போகும் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். கிளிப்புக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கே காற்று ஒழுகுகிறது. சோப்புத் தண்ணீர் தடவி, வழக்கமான பூஸ்டைத் தாண்டாமல் காற்றடித்தால் குமிழி வரும். அடுத்து இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை, அதாவது பீய்ச்சாமல் திரும்பி வரும் டீசலை அளப்பது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் ஒரே அளவுள்ள சின்ன பாட்டில்களில் விட்டு, ஐடிலில் சில நிமிடம் ஓட்டினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிறைய வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் பிரஷர் பெட்டி மாட்டினால், அந்த ஒரு சிலிண்டரின் பிஸ்டனில் ஓட்டை விழுவதற்கு நாமே நாள் குறித்த மாதிரி. சிப் இல்லாமலே புகைக்கிற வண்டிக்குச் சிப் தேவையில்லை. பழுது பார்த்தாலே போன இழுவையில் பாதி திரும்பி வந்துவிடும்.

எஞ்சினின் பிறவிக் குறையையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். 2003 முதல் 2007 வரை பிக்கப்பில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் பிரஷர் ஏறினால் ஹெட் (சிலிண்டர் மூடி) போல்ட்டுகள் இழுபட்டு ஹெட் மயிரிழை தூக்கும்; கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு கூலன்ட் தண்ணீருக்குள் போகும். கூலன்ட் டப்பாவின் மூடியைச் சுற்றி வெள்ளை உப்புப் பூத்திருப்பது முதல் அடையாளம். அத்தகைய எஞ்சினில் போல்ட்டுக்குப் பதில் வலுவான ஹெட் ஸ்டட் போடாமல் பெரிய சிப் போடுவது, ஓலைக் கூரையில் ஓட்டுக்கான பாரத்தை ஏற்றுவது.

வெப்பம்தான் டீசலைக் கொல்லும் முதல் காரணம் என்பதால் எக்ஸாஸ்ட் வெப்பமானியைச் சிப்புக்கு முன்பே வாங்க வேண்டும். சென்சார் முனை டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் எல்லா சிலிண்டரின் புகையும் கூடும் இடத்தில் இருக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் லோடில் 100, 150 டிகிரி குறைவாகக் காட்டி நம்மைத் தூங்க வைக்கும். ஓட்டை போடும்போது டிரில் பிட்டில் கிரீஸை அப்பிக்கொண்டு, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து, மரை வெட்டும்போதும் அதே மாதிரி செய்து, கடைசியில் காந்தத்தை விட்டுத் துழாவ வேண்டும். ஓர் இரும்புத் துகள் போதும், டர்போவின் விசிறி இதழைத் தின்றுவிடும். பதற்றமாக இருந்தால் மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்தே ஓட்டை போடுங்கள்.

எத்தனை டிகிரி வரை போகலாம்? பெரிய பிக்கப் எஞ்சின்களில் நீடித்த ஏற்றத்துக்கு 680 முதல் 700 டிகிரி செல்சியஸ் என்பதையே அனுபவப்பட்டவர்கள் எல்லையாகப் பிடிக்கிறார்கள். 730-ஐத் தொட்டால் காலை எடுக்க வேண்டும். சுத்தமான அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டனின் கலவை அதற்கும் வெகு முன்பே வலுவிழந்துவிடும். கீழிருந்து அடிக்கும் எண்ணெய்ப் பீச்சலும் இரண்டு எரிப்புக்கு நடுவே வரும் குளிர்ந்த காற்றும்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. புதிய சின்ன எஞ்சின்கள் சில, சிப் இல்லாமலே இதைவிடச் சூடாக ஓடும்படி செய்யப்பட்டவை. ஆகவே பொது எண்ணை மட்டும் நம்பாமல், சிப் மாட்டும் முன் ஒரே ஏற்றத்தில், ஒரே லோடில், ஒரே கியரில் ஏறி, முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். மாட்டிய பின் அதே ஏற்றத்தில் 50 டிகிரிக்கு மேல் கூடினால் ஒரு படி குறையுங்கள். ஏறி முடித்ததும் உடனே சாவியைத் திருப்பாமல், முள் 200 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை ஐடிலில் விட்டால் டர்போவின் புஷ்ஷில் எண்ணெய் கருகாது.

எஞ்சின் தாங்கினாலும் அதற்குப் பின்னால் இருப்பவை தாங்க வேண்டுமே. 2,000 ஆர்பிஎம்மில் 400 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின் கொடுப்பது 84 கிலோவாட். 520 ஆக்கினால் 109. அந்தக் கூடுதல் முறுக்கு அத்தனையும் கிளட்ச் பிளேட் வழியாகத்தான் போக வேண்டும். சோதனை எளிது. டாப் கியரில் 1,600 ஆர்பிஎம்மில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். வேகமானி முள்ளைவிட ஆர்பிஎம் முள் முந்திக்கொண்டு எழும்பினால் கிளட்ச் வழுக்குகிறது. ஆட்டோமேட்டிக்கில், கிளட்ச் இடத்தில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் பூட்டிய பிறகு இதையே செய்து பாருங்கள். வழுக்கினால் பி0741 என்ற பழுதுக் குறியீடு பதிவாகலாம், கியர் எண்ணெய் சூடேறும். அந்த எண்ணெய் 120 டிகிரியைத் தாண்டினால் ஓரமாக நிறுத்துவதே லாபம். சிப் போட்ட வண்டியில் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டாப் கியரில் வைத்து முக்கி முக்கி இழுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கனெக்டிங் ராடு வளைவதும், இரட்டைப் பாரச் சக்கரத்தின் (ஃப்ளைவீல்) ஸ்பிரிங் உடைவதும் உச்ச வேகத்தில் அல்ல, அந்த முக்கலில்தான்.

இனி மைலேஜ். ரெயில் பெட்டி மாட்டியதும் டேஷ்போர்டில் காட்டும் மைலேஜ் ஏறும். விற்பவர் அதைப் படம் பிடித்து அனுப்புவார். ஈசிஎம், தான் நம்பும் பிரஷரையும் திறந்த நேரத்தையும் வைத்துத்தான் செலவைக் கணக்கிடுகிறது. பிரஷரே பொய் என்றால் செலவும் பொய்தான். சரியான அளவு, டாங்கை நிரப்பி நிரப்பிப் பார்ப்பது மட்டும். ஒரே பங்க், ஒரே பம்ப், தானாக நிற்கும் முதல் கிளிக்கோடு நிறுத்துவது. அப்படி மூன்று டாங்க் சிப் இல்லாமல், மூன்று டாங்க் சிப்போடு. 840 கிலோமீட்டருக்கு 70 லிட்டர் பிடித்தால் 12. டேஷ்போர்டு 13 என்று காட்டினாலும் உங்கள் மைலேஜ் 12தான். நிதானமாக ஓட்டினால் பீய்ச்சும் நேரத்தை முன்தள்ளிய நிரலில் சிறு மிச்சம் உண்டு; கூடின இழுவையை அனுபவிக்க ஆரம்பித்தால் அதுவும் போய்விடும்.

எக்ஸாஸ்ட்டில் கரி வடிகட்டி உள்ள வண்டிகளில் இன்னொரு கணக்கு. கூடுதல் டீசல் என்றால் கூடுதல் கரி. வடிகட்டி சீக்கிரம் நிறையும். அதை எரிக்க ஈசிஎம் வடிகட்டியின் வெப்பத்தை 550, 600 டிகிரிக்கு ஏற்றும். அதற்காகப் பல எஞ்சின்களில் கடைசி நேரத்தில் பீய்ச்சும் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறினால், முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை வரும். அதைக் கண்டால் எண்ணெயை உடனே மாற்றிச் சிப்பையும் குறைக்க வேண்டும். "வடிகட்டியையே கழற்றிவிடலாம், அதற்கும் நிரல் இருக்கிறது" என்று சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. அதற்கு முந்தைய பத்தாண்டில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் புகைக் கட்டுப்பாட்டைக் கழற்றிவிட்டார்கள் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் கணக்குச் சொன்னது. கலிபோர்னியாவில் அனுமதி எண் ஒட்டிய சிப்பைத்தான் சாலையில் ஓடும் வண்டிக்கு விற்கலாம். நீங்கள் எங்கே இருந்தாலும் அப்படி ஓர் அனுமதி எண் உள்ள சாமானைத் தேடுவது நல்லது. வடிகட்டியைக் கழற்றாமலே புகைச் சோதனையில் தேறியது என்பதற்கு அதுவே அத்தாட்சி. வாரன்டி விஷயத்தில், பெட்டியைக் கழற்றிவிட்டால் தடயம் இருக்காது என்று நம்ப வேண்டாம். உச்ச பூஸ்டும், நிரல் எத்தனை தடவை எழுதப்பட்டது என்ற எண்ணும் பல ஈசிஎம்களில் பதிவாகின்றன. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுவதும் நல்லது.

எல்லாம் பார்த்த பிறகும் எதை வாங்குவது என்று கேட்டால் எங்கள் கருத்து இது. லோடு ஏற்றி ஓட்டும் வண்டிக்கு, வெப்பமானியோடு வரும், லோடு இழுக்கவென்றே தனி நிலை உள்ள நிரல் மாற்றம். கூட்டல் 15 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். வாரன்டி முடியாத வண்டி என்றால் ஒன்றும் வேண்டாம். நிரலைத் தொட மனமில்லை என்றால், ரெயிலும் பூஸ்டும் சேர்ந்து பார்க்கும் இரண்டு கப்ளர் பெட்டி, கீழ்நிலையில். மற்றவை விளையாட்டுக்கு.

பெட்டியை மாட்டும்போது சாவியை எடுத்து, கதவைப் பூட்டிக் கால் மணி நேரமாவது விடுங்கள். ஈசிஎம் தூங்கட்டும், ரெயில் பிரஷரும் இறங்கட்டும். ரெயில் குழாயின் நட்டைத் தொட வேண்டிய வேலை இதில் இல்லை. அந்தப் பிரஷரில் கசியும் டீசல் தோலைத் துளைத்துவிடும். சென்சார் கப்ளரைக் கம்பியைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். உள்ளே ரப்பர் வளையம் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகினால் 'டிக்' என்று கேட்க வேண்டும். பெட்டியை எஞ்சின் மேலோ எக்ஸாஸ்ட் பக்கமோ வைக்காமல், பேட்டரித் தட்டுப் பக்கம், கம்பி நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். தண்ணீர் உள்ளே இறங்காது. முதல் ஸ்டார்ட்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டைப் படியுங்கள். பி0088 என்றால் பிரஷர் எல்லை மீறுகிறது, ஒரு படி இறக்குங்கள். பி0087 என்றால் பிரஷர் போதவில்லை. ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் ரிட்டர்ன் பக்கம் தேடுங்கள். பி0234 பூஸ்ட் அதிகம், பி0299 பூஸ்ட் குறைவு. இரண்டாவதில் பெரும்பாலும் ஹோஸ் கிளிப்தான் காரணம்.

பெட்டியோடு ஒரு சின்ன பைபாஸ் கப்ளர் வரும். பலர் அதை அட்டைப்பெட்டியோடு தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ராத்திரியில் நடுவழியில் பெட்டி செத்துப்போனால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அந்தக் கப்ளரைப் பெட்டியின் இடத்தில் செருகினால் இரண்டு நிமிடத்தில் பழையபடி ஓடும். டேஷ்போர்டு அறையில், ஒரு டார்ச்சோடு சேர்த்துப் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
டீசல் பம்ப், இன்ஜெக்டர் பழுதுபார்ப்போர் சிலர்